பின்னங்களைக் குழந்தைக்கு வீட்டிலேயே அறிமுகப்படுத்துவது எப்படி: பங்கு போடுவதிலிருந்து கூட்டல் வரை

4-ஐ விட 8 பெரியது என்று சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்ட குழந்தை, பின்னம் வந்ததும் 1/4-ஐ விட 1/8 பெரியது என்று சொல்லும். பதில் தப்பு. ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. அதுவரை குழந்தை பார்த்ததெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகிற எண்கள். அங்கே எது பின்னால் வருகிறதோ அதுதான் பெரியது. பின்னத்தில்தான் முதல் தடவையாக அந்தப் பழக்கம் கைவிடுகிறது. ஒரு கோடு போட்டு, மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் எழுதி, இதுதான் பின்னம் என்று சொன்னால், குழந்தை அதை இரண்டு தனித்தனி எண்களாகத்தான் படிக்கும். வேறு எப்படிப் படிக்கும்?

அதனால் எழுத்தில் தொடங்க வேண்டாம். வீட்டில் எதையாவது பங்கு போடும்போதும், தண்ணீர் ஊற்றும்போதும், காகிதம் மடிக்கும்போதும் பின்னம் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதைப் பேச்சுக்குள் கொண்டுவந்தால் போதும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றிலும் ஒரே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: 'எதில்?' அரை என்றால் எதில் அரை? மூன்றில் ஒரு பங்கு என்றால் எதில்? இந்தக் கேள்வியைக் குழந்தை தானாகவே கேட்க ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றலாம். உளவியல் ஆய்வாளர் ராபர்ட் சீக்லரும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தரவுகள் அதில் இருந்தன. 10 வயதில் பின்னமும் வகுத்தலும் தெளிவாக இருந்த பிள்ளைகள், உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது இயற்கணிதத்திலும் மொத்தக் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள். குடும்ப வருமானம், பொதுவான அறிவுத்திறன் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. விகிதம், சதவீதம், வேகம், நிகழ்தகவு என்று பின்னால் வருகிற பலவற்றுக்கும் அடித்தளம் பின்னம்தான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

நான்கைந்து வயதுக் குழந்தைக்கே சமமாகப் பிரிப்பது நன்றாகத் தெரியும். தன் பங்கு குறைந்தால் உடனே சண்டைக்கு வருமே, அந்த உணர்வுதான் முதல் பாடம். ஆறேழு வயதில் அரை, கால் என்று பெயர் சொல்லிப் பேசலாம். எட்டு வயதுவாக்கில், கையில் போதுமான அனுபவம் சேர்ந்த பிறகு, எழுத்துக்குப் போகலாம். இது கறாரான அட்டவணை இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை பள்ளியில் பின்னக் கணக்கில் தடுமாறினால், வயது ஆகிவிட்டது என்று பார்க்காமல் முதல் படியிலிருந்தே போங்கள். பெரிய பிள்ளைகள் அந்தப் படிகளைச் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள்.

முதல் படி: மீதி வருகிற மாதிரிப் பங்கு போடுவது

பெரும்பாலோர் ஒரு வட்டம் வரைந்து, நான்காக வெட்டி, ஒன்றுக்கு வண்ணம் அடித்துத் தொடங்குகிறார்கள். அங்கே குழந்தைக்கு யோசிக்க ஒன்றுமில்லை. நாம் வெட்டிக் கொடுத்ததை அது பார்க்கிறது, அவ்வளவுதான். அதைவிட, பங்கு போட்டால் மீதி வருகிற ஒரு கணக்கைக் கையில் கொடுங்கள்.

முதலில் மீதி வராததில் ஆரம்பிக்கலாம். இரண்டு பேருக்கு நான்கு ரொட்டி. சுலபம். அடுத்து இரண்டு பேருக்கு மூன்று ரொட்டி.

"அம்மா, ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டேன். ஒண்ணு மிச்சம் இருக்கு."

"சரி, மிச்சத்தை என்ன பண்ணலாம்?"

"எனக்கு!"

"அப்போ தம்பி சும்மா இருப்பானா?"

"...வெட்டிடலாம். பாதி பாதி."

"இப்போ உனக்கு எவ்வளவு வந்திருக்கு?"

"ஒண்ணு, அப்புறம் ஒரு பாதி."

கவனியுங்கள், 'ஒன்றரை' என்பது இங்கே பாடமாக வரவில்லை. சண்டை வராமல் இருக்க ஒரு வழி தேவைப்பட்டது. குழந்தையே அதைக் கண்டுபிடித்தது. எண்ணிக் கொடுக்க முடியாத இடத்தில்தான் மனிதர்களுக்குப் பின்னமே தேவைப்பட்டது.

இரண்டு பேருக்கு மூன்று என்பது பழகியதும், நான்கு பேருக்கு மூன்று ரொட்டி என்று கேளுங்கள். அவசரப்படாமல் காத்திருங்கள். காகிதத்தில் மூன்று வட்டம் வெட்டிக் கொடுத்தாலும் போதும், நிஜ ரொட்டிதான் வேண்டும் என்பதில்லை. சில குழந்தைகள் முதல் இரண்டு ரொட்டிகளைப் பாதி பாதியாக வெட்டி நான்கு பேருக்கும் கொடுப்பார்கள். மூன்றாவதை நான்காக வெட்டுவார்கள். ஆளுக்கு ஓர் அரையும் ஒரு காலும். வேறு சில குழந்தைகள் மூன்று ரொட்டியையுமே நான்கு நான்காக வெட்டி, ஆளுக்கு மூன்று கால் கொடுப்பார்கள். இரண்டும் சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் யாருக்கு அதிகம்?" என்று கேளுங்கள். துண்டுகளை மேலே மேலே வைத்துப் பார்த்துச் சமம் என்று அது சொல்லும் அந்த நிமிடத்தில், அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்ற கணக்கு எழுத்தே இல்லாமல் நடந்து முடிந்திருக்கும்.

முதல் வழியில் வெட்டிய குழந்தைக்கு ஒரு பழைய கதையும் சொல்லலாம். எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட ரிண்ட் பாப்பிரஸ் என்ற கணக்குச் சுருளில், ரொட்டிகளைப் பத்து ஆட்களுக்குப் பங்கு போடுகிற கணக்குகள் வருகின்றன. ஆறு ரொட்டியைப் பத்துப் பேருக்குப் பிரிப்பது அவற்றில் ஒன்று. அதில் உள்ள விடை: ஆளுக்கு 1/2, அதோடு 1/10. ஐந்து ரொட்டியைப் பாதி பாதியாக வெட்டினால் பத்து அரைகள் ஆச்சு. ஆறாவதைப் பத்தாக வெட்டினால் எல்லாருக்கும் ஒரு சின்னத் துண்டு. இன்றைக்கு உங்கள் வீட்டுக் குழந்தை செய்ததும் அதே யோசனைதான். இதைச் சொன்னால் குழந்தைகளுக்கு உண்டாகிற பெருமிதம் தனி.

இந்தப் படியில் அவசரமே வேண்டாம். மூன்று பேருக்கு இரண்டு, மூன்று பேருக்கு நான்கு, நான்கு பேருக்கு ஐந்து என்று எண்களை மாற்றி மாற்றி, வாய்ப்பு வரும்போதெல்லாம் கேளுங்கள். மூன்று பேர் என்றால் பாதி பாதியாக வெட்டும் தந்திரம் ஒத்துவராது. அங்கே குழந்தை சற்றுத் திணறும். அந்தத் திணறல் நல்லது.

இரண்டாம் படி: 'சமம்' என்றால் என்ன

பங்குகள் சமமாக இருந்தால்தான் அது பாதி, கால் என்று சொல்ல முடியும். 'எனக்குப் பெரிய பாதி' என்று குழந்தை கேட்டால், "பெரிய பாதி, சின்னப் பாதி என்று இருந்தால் அது பாதியா?" என்று கேட்டு யோசிக்க விடலாம்.

அடுத்து கொஞ்சம் ஆழமான இடம். சமம் என்றால் ஒரே வடிவமாக இருக்க வேண்டும் என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள். அதை உடைக்க ஒரு நீள்சதுரக் காகிதமும் கத்தரிக்கோலும் போதும். காகிதத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு கோடு, இன்னொரு மூலையிலிருந்து அதற்கு எதிர் மூலைக்கு இன்னொரு கோடு. நான்கு முக்கோணங்கள் வரும். இரண்டு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், இரண்டு நெட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். "இந்த நாலும் சமமா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் அநேகமாகப் பதில் வரும். சரி, வெட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு முக்கோணத்தையும் நடுவில் மடித்து, அந்த மடிப்பில் இரண்டாக வெட்டுங்கள். இப்போது எட்டுத் துண்டுகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள், தேவைப்பட்டால் திருப்பி வைத்து. எட்டும் அச்சாக ஒன்றாகப் பொருந்தும். குட்டை முக்கோணத்துக்குள்ளும் இரண்டு துண்டு, நெட்டை முக்கோணத்துக்குள்ளும் அதே அளவில் இரண்டு துண்டு. அப்படியானால் நான்கு முக்கோணமும் காகிதத்தில் நான்கில் ஒரு பங்குதான். வடிவம் வேறு, அளவு ஒன்று. இதை நீங்கள் சொல்லிப் புரியவைப்பதைவிட, அந்த எட்டுத் துண்டுகளை அடுக்கும் விரல்கள் தாமே புரிந்துகொள்ளும்.

மூன்றாம் படி: 'எதில்?'

ஒரு சின்ன பாட்டிலும் ஒரு பெரிய பாட்டிலும் எடுங்கள். இரண்டிலும் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். "இரண்டும் பாதிதானே, அப்போ இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரா?" என்று கேளுங்கள். பிறகு இரண்டையும் ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் ஊற்றிப் பார்க்கட்டும்.

முழுது எது என்று தெரியாமல் பாதிக்கு அர்த்தம் இல்லை. இது நமக்குச் சாதாரணமாகத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. ஒரு தர்ப்பூசணியில் கால் பங்கு, ஒரு ஆப்பிளில் பாதியைவிடப் பெரியது. பெரிய போர்வையின் பாதி, கைக்குட்டை முழுசையும்விடப் பெரியது. இந்த மாதிரிக் கேள்விகளை விளையாட்டாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். குழந்தை "எதில் பாதி?" என்று திருப்பிக் கேட்டால் அன்றைக்கு வேறு பாடமே வேண்டாம்.

இதையே பின்பக்கமாகவும் கேட்கலாம், இது இன்னும் வலுவான கேள்வி. ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, "இது முழுக் காகிதத்தில் நான்கில் ஒரு பங்கு. முழுக் காகிதம் எவ்வளவு பெரிசா இருந்திருக்கும்? வரைஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். நீளமாக வரையலாம், சதுரமாக வரையலாம், எல் வடிவத்தில்கூட வரையலாம். நான்கு துண்டு அளவு இருந்தால் சரி. முழுதிலிருந்து பங்குக்குப் போகத் தெரிந்த பிள்ளைகள் பலர், பங்கிலிருந்து முழுதுக்குத் திரும்பத் தெரியாமல் நிற்பார்கள். அதனால் இரண்டு பக்கமும் நடக்கப் பழக்குவது நல்லது.

நான்காம் படி: பங்குகளை எண்ணுவது

இங்கே ஒரு காலளவுக் கப் வேண்டும். சமையலறை அளவுக் கப்புகள் 1, 1/2, 1/3, 1/4 என்று தொகுப்பாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரே மாதிரியான சின்ன டம்ளர்களில் கோடு போட்டுச் செய்துகொள்ளலாம்.

கால் கப்பில் தண்ணீர் மொண்டு ஒரு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே எண்ணுங்கள்: நான்கில் ஒன்று, நான்கில் இரண்டு, நான்கில் மூன்று, நான்கில் நான்கு. நிறுத்தி, "இப்போ எத்தனை முழுக் கப்?" என்று கேளுங்கள். ஒன்று. பிறகு நிறுத்தாமல் போங்கள்: நான்கில் ஐந்து, நான்கில் ஆறு. ஆறு கால் கப் ஊற்றினால் ஒன்றரைக் கப். பின்னம் ஒன்றைத் தாண்டிப் போகும் என்பது இங்கே ஆச்சரியமே இல்லாமல் நடக்கும். பின்னம் என்றால் எப்போதும் ஒன்றைவிடச் சின்னது என்று மனதில் பதிந்துவிட்ட பிள்ளைகள்தான் பின்னால் 5/4-ஐப் பார்த்து மிரளுகிறார்கள். 'நான்கு துண்டில் ஐந்து துண்டை எப்படி எடுப்பது?' என்பது அவர்கள் கேட்கிற நியாயமான கேள்வி. ஒரே ஒரு வட்டத்தை வெட்டி மட்டும் சொல்லிக் கொடுத்தால் அதற்குப் பதிலே கிடைக்காது. தண்ணீரில் பதில் கிடைக்கும்.

பேசும்போது 'கால்', 'முக்கால்' என்பதோடு 'நான்கில் ஒன்று', 'நான்கில் மூன்று' என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கால் என்ற சொல்லைக் கேட்டால் நான்கு என்பது குழந்தைக்குத் தெரியாது. நான்கில் ஒன்று என்றால் கணக்கே அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது.

அதே கப்புகளை வைத்து முதலில் சொன்ன பிரச்சினையையும் தீர்த்துவிடலாம். 1/3 கப்பையும் 1/4 கப்பையும் பக்கத்தில் வையுங்கள். எது பெரியது? ஒரு முழுக் கப்பை நிரப்ப எது அதிகத் தடவை வேண்டும்? அதிகத் தடவை ஊற்ற வேண்டியிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஊற்றுவது கொஞ்சம்தான். 'நிறையப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குக் குறையும்' என்று பங்கு போட்டபோது பார்த்ததும் இதேதான். குழந்தை இரண்டையும் தானே இணைக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: ஒன்றுக்கு மேல் பொருள்கள் இருக்கும்போது

ஒரு ரொட்டியில் பாதி என்பது ஒன்று, 12 பொத்தான்களில் பாதி என்பது வேறொன்று. இங்கே முழுது என்பது 12 பொத்தான்களும் சேர்ந்த ஒரு குவியல். பெரியவர்களுக்கு இது ஒரே விஷயமாகத் தெரியும், குழந்தைக்கு அப்படித் தெரிவதில்லை. 12-ல் மூன்றில் ஒரு பங்கு எடு என்றால் மூன்று பொத்தானை எடுத்து நீட்டும். கேட்ட எண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டது.

அப்போது திருத்த வேண்டாம். மூன்று தட்டு வையுங்கள். பன்னிரண்டையும் மூன்று தட்டிலும் சமமாகப் போடச் சொல்லுங்கள். ஒரு தட்டில் எவ்வளவோ அதுதான் மூன்றில் ஒரு பங்கு. 4. இரண்டு தட்டு எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு, 8. தட்டுகளின் எண்ணிக்கையும் பொத்தான்களின் எண்ணிக்கையும் வேறு வேறு என்று கண்ணால் பார்த்ததும் குழப்பம் தெளியும். 12-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். 24 இருந்தால் எட்டில் ஒரு பங்கும் பார்க்கலாம்.

துவைத்த துணியை மடிக்கும்போது, "இதில் எத்தனை பங்கு உன் துணி?" என்று கேட்கலாம். புத்தகம் படித்துக்கொண்டிருந்தால், "பாதி தாண்டிட்டியா?" என்று கேட்கலாம். இவற்றில் துல்லியம் தேவையில்லை. மதிப்பிடுவதே ஒரு திறமை.

கடிகாரம் பற்றி ஒன்று. 60 நிமிடத்தில் அரை மணி 30, கால் மணி 15 என்பது எல்லாருக்கும் தெரியும். மூன்றில் ஒரு மணி 20 நிமிடம், ஆறில் ஒரு மணி 10 நிமிடம் என்றும் பேசலாம். ஆனால் முள் இருக்கிற கடிகாரம் வேண்டும். எண் மட்டும் காட்டும் கடிகாரத்தில் வட்டத்தின் பங்கு கண்ணுக்குத் தெரியாது.

ஆறாம் படி: பின்னத்துக்கு ஓர் இடம் உண்டு

வீடுகளில் அதிகம் விட்டுப்போகிற படி இது. என் கருத்தில் மிக முக்கியமானதும் இதுதான். துண்டு, பங்கு என்றே பேசிக்கொண்டிருந்தால் பின்னம் ஓர் எண் என்பது குழந்தைக்குத் தெரியாமலே போய்விடும். எண்ணுக்கு எண்கோட்டில் ஓர் இடம் இருக்கிறது. 1/2 என்பது 0-க்கும் 1-க்கும் சரியாக நடுவில் நிற்கிறது.

தரையில் ஒட்டுநாடாவால் 120 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். ஒரு முனையில் 0, மறு முனையில் 1 என்று எழுதிய சீட்டு. 120 என்பது வசதிக்காகத்தான்: பாதி 60, மூன்றில் ஒன்று 40, நான்கில் ஒன்று 30, ஐந்தில் ஒன்று 24, ஆறில் ஒன்று 20, எட்டில் ஒன்று 15. எல்லாம் முழு எண்ணாக வரும், நீங்கள் சரிபார்க்கச் சுலபம். குழந்தைக்கு இந்த அளவுகளைச் சொல்ல வேண்டாம். கோட்டின் அதே நீளத்துக்கு ஒரு நாடாவை வெட்டிக் கொடுத்து, அதை மடித்து மடித்து இடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

முதலில் பாதி. நாடாவை இரண்டாக மடித்தால் கிடைக்கும். அந்த இடத்தில் குழந்தை போய் நிற்கட்டும். பிறகு கால், முக்கால். மூன்றாக மடிப்பது கொஞ்சம் கடினம். மூன்று மடிப்பும் ஒரே அளவாகும்வரை தள்ளித் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பொறுமை வேலைக்கு உதவும்: 1/3 எங்கே நிற்கிறது, காலுக்கும் அரைக்கும் நடுவில்தானே என்று குழந்தை முன்கூட்டியே ஊகிக்கத் தொடங்கும்.

அப்புறம் கேளுங்கள்: "நான்கில் ஐந்து எங்கே?" கோடு முடிந்துவிட்டது. குழந்தை கோட்டைத் தாண்டி, கோட்டு நீளத்தில் இன்னும் கால் பங்கு தூரம் தள்ளிப் போய் நின்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டுநாடாவை இன்னும் 120 சென்டிமீட்டர் நீட்டி, 2 என்று எழுதி வையுங்கள்.

இந்தக் கோட்டில் எண்ணும்போது ஒரு தப்பு அடிக்கடி வரும். நான்கு பாகமாகப் பிரிக்கச் சொன்னால், நான்கு குறிகள் போடுவார்கள். பாகம் ஐந்தாகிவிடும். அல்லது 0-வில் நின்றுகொண்டே ஒன்று என்று எண்ணத் தொடங்குவார்கள். எண்ண வேண்டியது குறிகளை அல்ல, குறிகளுக்கு நடுவில் உள்ள தாவல்களை. ஒவ்வொரு தாவலையும் குதித்து எண்ணச் சொன்னால் இது தானாகச் சரியாகும்.

போனில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பட்டை, வீடியோ எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் கோடு இரண்டும் எண்கோடுகள்தான். "இன்னும் எவ்வளவு பங்கு இருக்கு?" என்று போகிறபோக்கில் கேட்டுவிடலாம்.

ஏழாம் படி: ஒரே அளவு, பல பெயர்கள்

24 சென்டிமீட்டர் நீளத்தில் காகிதப் பட்டை ஒன்று வெட்டுங்கள். இரண்டாக மடித்து, ஒரு பாதிக்கு வண்ணம் அடிக்கட்டும். விரித்தால் இரண்டில் ஒன்று வண்ணம். மறுபடி மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து விரித்தால், நான்கில் இரண்டு. இன்னும் ஒரு மடிப்பு, எட்டில் நான்கு. "வண்ணம் அதிகமாச்சா?" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். வண்ணம் அசையவே இல்லை. மடிப்புதான் கூடியது. துண்டு சின்னதாகச் சின்னதாக, அதே இடத்தை நிரப்ப அதிகத் துண்டு வேண்டும். சமான பின்னம் என்று பள்ளியில் சொல்வது இதைத்தான். மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கு என்ற விதியைப் பிறகு படிக்கும்போது, அது ஏன் என்று இந்தப் பட்டை சொல்லும்.

எட்டாம் படி: எழுதுவது

இப்போதுதான் பேனா. கீழே உள்ள எண், முழுதை எத்தனை சமபங்காகப் பிரித்தோம் என்று சொல்கிறது. மேலே உள்ள எண், அதில் எத்தனை நம்மிடம் இருக்கிறது என்று சொல்கிறது. பள்ளியில் கீழே இருப்பதைப் பகுதி என்றும் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. 3/4 என்று எழுதிவிட்டு 'நான்கில் மூன்று' என்று வாசித்தால் போதும். எழுதியதைத் தரைக்கோட்டில் போய் நின்று காட்டச் சொல்லுங்கள், கப்பில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து, பொருள், இடம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் படி: எது பெரியது?

இதற்குக் குறுக்குப் பெருக்கல், அதாவது ஒன்றின் மேல் எண்ணை மற்றதன் கீழ் எண்ணால் பெருக்கி ஒப்பிடுவது, சொல்லிக் கொடுக்க எல்லாருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து தள்ளிப் போடுங்கள். யோசித்தே கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன.

3/7, 5/8 இரண்டில் எது பெரியது? பாதியோடு ஒப்பிடலாம். ஏழில் பாதி மூன்றரை, அதனால் 3/7 பாதியைவிடக் கொஞ்சம் குறைவு. எட்டில் பாதி நான்கு, அதனால் 5/8 பாதியைவிட அதிகம். கணக்கு முடிந்தது. 4/5, 7/8 என்றால்? இரண்டுமே முழுதுக்கு ஒரு துண்டு குறைவு. முதலாவதில் குறைவது ஐந்தில் ஒரு துண்டு, இரண்டாவதில் எட்டில் ஒரு துண்டு. எட்டில் ஒன்று சின்னது, அதனால் 7/8-க்குத்தான் குறை கம்மி. அதுதான் பெரியது. இப்படி யோசிக்கும் பிள்ளைக்குப் பின்னத்தின் அளவு கண்ணில் தெரிகிறது என்று அர்த்தம்.

பத்தாம் படி: கூட்டலின் வாசல்

கால் கப்பும் இன்னும் இரண்டு கால் கப்பும் சேர்ந்தால்? மூன்று கால் கப். எழுத்தில் 1/4 + 2/4 = 3/4. வாயால் சொல்லும்போது யாருக்கும் தப்பு வராது. எழுதும்போதுதான் மேலேயும் கூட்டி, கீழேயும் கூட்டி 3/8 என்று வந்துவிடும். கீழே இருப்பது துண்டின் வகை. கால் துண்டோடு கால் துண்டு சேர்ந்தால் கால் துண்டுகள்தான் கூடும், திடீரென்று எட்டில் ஒன்றாகச் சுருங்காது. 3/8 என்று எழுதிய பிள்ளையைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 3/8 என்பது பாதிகூட இல்லை. ஆனால் 2/4 மட்டுமே பாதி ஆகிவிடுகிறதே!

விடையின் அளவு பொருந்துகிறதா என்று பார்க்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1978-ல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களுக்கு ஒரு கேள்வி கொடுத்தார்கள். 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு? தேர்ந்தெடுக்க 1, 2, 19, 21. இரண்டுமே கிட்டத்தட்ட ஒன்று, அதனால் விடை 2. சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள், அதாவது மேலே உள்ள எண்களையோ கீழே உள்ள எண்களையோ கூட்டிவிட்டார்கள். அந்த வயதில் அவர்களுக்குக் கூட்டல் விதி பள்ளியில் சொல்லித்தரப்பட்டிருக்கும். 12/13 எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. தரைக்கோட்டில் நின்று பழகிய பிள்ளைக்கு இந்தக் கேள்வி கடினமே இல்லை.

வேறு வேறு துண்டுகளைக் கூட்டுவதற்கு, முதல் படியில் செய்ததையே திரும்ப எடுங்கள். அரையும் காலும் எவ்வளவு? அரையை இரண்டு காலாக மாற்றினால் மூன்று கால். எல்லாத் துண்டுகளையும் ஒரே வகையாக்கிக்கொண்டு எண்ணுவது, அவ்வளவுதான். அரையும் மூன்றில் ஒன்றும் என்றால் 24 சென்டிமீட்டர் பட்டையை ஆறாக மடித்துப் பாருங்கள்: அரை என்பது ஆறில் மூன்று, மூன்றில் ஒன்று என்பது ஆறில் இரண்டு, மொத்தம் ஆறில் ஐந்து.

நாள்தோறும் எவ்வளவு நேரம்?

தனியாக நேரம் ஒதுக்கி உட்கார வைக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி இயல்பாக வந்தால் போதும். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே கேள்வி வரும் என்ற நிலைமை வந்துவிட்டால் குழந்தை ஓடிவிடும், பின்னத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். தப்பான பதில் வந்தால் 'எப்படி யோசிச்சே?' என்று கேளுங்கள். பதிலைவிட அந்த யோசனையில்தான் உங்களுக்கு வேண்டிய தகவல் இருக்கும். 1/8 பெரியது என்று சொல்லும் குழந்தை எண்ணிக்கையை நினைக்கிறதா, வேறு வேறு அளவு முழுதுகளை நினைக்கிறதா என்பது கேட்டால்தான் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு: முதலாவதற்குக் கப்புகள், இரண்டாவதற்குப் பாட்டில்கள்.

எழுத்துக் கணக்குக்குக் குழந்தை தயாரா என்று பார்க்க நான்கு கேள்விகளைப் பேச்சோடு பேச்சாகக் கேட்கலாம். மூன்று ரொட்டியை நான்கு பேருக்கு எப்படிப் பிரிப்பாய்? மூன்றில் ஒன்று பெரியதா, ஐந்தில் ஒன்று பெரியதா, ஏன்? இந்தக் கோட்டில் நான்கில் ஐந்து எங்கே? கடைசியாக, "நான் பாதி சாப்பிட்டேன், நீ கால் சாப்பிட்டே. யார் அதிகம் சாப்பிட்டது?" நான்காவதற்கு நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது பதில் இல்லை, கேள்வி: "எதில் பாதி?"